வயிற்றில் இருக்கும் கருவை நேராகவே பார்க்க முடியுமா? எம்ப்ரியோஸ்கோபியும் ஃபீட்டோஸ்கோபியும் – ஓர் எளிய அறிமுகம்

ஸ்கேன் எடுத்துவிட்டு வெளியே வரும்போது "குழந்தையைப் பார்த்தோம், கை காலை ஆட்டுது" என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். சொல்லட்டும், தப்பில்லை. ஆனால் திரையில் தெரிந்தது குழந்தை இல்லை. ஒலி அலையை உள்ளே அனுப்பி, அது பட்டுத் திரும்பி வருவதை வைத்து மெஷின் போட்ட படம் அது. 4டி ஸ்கேனில் மூக்கும் முழியுமாகத் தெரிகிற முகம்கூட அதே கணக்குதான். அந்தத் தோல் நிறம் மெஷின் பூசியது, குழந்தையுடையது அல்ல.

சரி, நிஜமாகவே உள்ளே விளக்கைக் கொண்டுபோய், லென்ஸ் வழியாகக் கருவைக் கண்ணால் பார்க்க முடியாதா? முடியும். அரை நூற்றாண்டுக்கும் மேலாகவே முடியும். ஒரு காலத்தில் கருவிலேயே நோயைக் கண்டுபிடிக்க இதுதான் பெரிய வழியாக இருந்தது. ஆனால் இன்று ஆரம்ப கர்ப்பத்தில் இப்படிப் பார்க்கலாம் என்று எந்த டாக்டரும் உங்களிடம் வழக்கமாகச் சொல்லப் போவதில்லை. ஏன் அப்படி ஆனது என்பதுதான் இதில் சுவாரஸ்யமான பகுதி.

முதலில் பெயர்கள். மெல்லிய எண்டோஸ்கோப்பைக் கர்ப்பப்பைக்குள் விட்டு, ஏறக்குறைய முதல் 12 வாரத்துக்குள் பார்ப்பதை எம்ப்ரியோஸ்கோபி என்பார்கள். அதற்குப் பிறகு, பெரும்பாலும் நாலாம் மாதத்திலிருந்து, பனிக்குடத்துக்குள்ளேயே நுழைந்து பார்ப்பது ஃபீட்டோஸ்கோபி. வாரக் கணக்கு என்பது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவது. அதனால் '10 வாரக் கர்ப்பம்' என்றால் கருவின் உண்மையான வயது சுமார் 8 வாரம்தான். இந்த இரண்டு வார வித்தியாசம் தெரியாமல் வளர்ச்சி அட்டவணைகளைப் பார்த்துப் பயந்துபோகிறவர்கள் நிறையப் பேர்.

12 வாரம் என்ற அந்தக் கோடு எங்கிருந்து வந்தது? அதைப் புரிந்துகொள்ள கருவைச் சுற்றி இருக்கும் சவ்வுகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். ஒரு பலூனுக்குள் இன்னொரு சின்ன பலூனை வைத்து ஊதியதுபோல இரண்டு உறைகள். வெளியில் இருப்பது கோரியான், உள்ளே கருவையும் பனிக்குட நீரையும் வைத்திருப்பது ஆம்னியான். ஆரம்ப வாரங்களில் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு, அதில் சற்று கெட்டியான, லேசான மஞ்சள் நிற திரவம் இருக்கும். கருவுக்கு முதலில் உணவு தருகிற யோக் சாக் என்ற குட்டிப் பை மிதப்பதும் இங்கேதான். வாரங்கள் போகப் போக உள் உறை பெருத்து, இடைவெளியை நிரப்பி, வெளி உறையோடு ஒட்டிக்கொள்கிறது. மூன்றாம் மாதம் முடியும்போது பெரும்பாலும் இடைவெளி இருக்காது.

எம்ப்ரியோஸ்கோபியின் சூட்சுமமே இந்த இடைவெளிதான். வெளி உறையை மட்டும் துளைத்து இடைவெளிக்குள் போய் நின்றுகொள்வார்கள், உள் உறையைத் தொடவே மாட்டார்கள். ஆம்னியான் கண்ணாடி மாதிரி தெளிவானது என்பதால் பனிக்குடம் உடையாமலேயே கரு முழுசாகத் தெரியும். இடைவெளித் திரவத்தில் நூல் நூலாகச் சில இழைகள் இருக்கும், அவை குறுக்கே வந்தால் பார்வை மறையும், கொஞ்சம் பொறுமையாகக் கருவியை நகர்த்த வேண்டும். இடைவெளி மூடிய பிறகு இந்த வசதி கிடையாது. அப்போது பனிக்குடத்தையே துளைத்தாக வேண்டும்.

உள்ளே போக இரண்டு பாதை உண்டு. ஒன்று கர்ப்பப்பை வாய் வழியாக. முதலில் அல்ட்ராசவுண்டில் நஞ்சு (நஞ்சுக்கொடி, அதாவது பிளசன்டா) எங்கே வளர்கிறது, கரு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, சில மில்லிமீட்டர் தடிமனுள்ள கருவியை மெதுவாக உள்ளே செலுத்துவார்கள். இன்னொன்று வயிற்றின் வழியாக. அல்ட்ராசவுண்டைப் பார்த்தபடியே ஊசியை வயிறு, கர்ப்பப்பைச் சுவர் இரண்டையும் தாண்டி உள்ளே இறக்கி, அந்த ஊசிக்குள்ளேயே ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய ஃபைபர் எண்டோஸ்கோப்பை விட்டுப் பார்ப்பது. ஆக, நேராகப் பார்க்கிற முறையாக இருந்தாலும் வழிகாட்ட ஸ்கேன் வேண்டும். இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதே ஸ்கேன்தான் இந்த முறையை வேலையிலிருந்து தூக்கியது.

உள்ளே என்ன தெரியும்? தலை, முகம், காது, முதுகு, வயிற்றுச் சுவர், தொப்புள்கொடி, கை கால். 8 வாரத்தில் கருவின் நீளம் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர், 10 வாரத்தில் 3, 12 வாரத்தில் 5-ஐத் தாண்டும். 10 வாரம் வாக்கில் விரல்கள் தனித்தனியாகப் பிரிந்திருக்கும், ஒவ்வொன்றாக எண்ணலாம். உதட்டுப் பிளவு, கூடுதல் விரல், முதுகுத்தண்டு மூடாமல் இருப்பது, தலை ஓட்டுக்குப் பின்னால் மூளை பிதுங்கி நிற்பது, இதெல்லாம் வெளி உருவத்திலேயே தெரிகிற குறைகள்.

ஆனால் வளர்ச்சி தெரியாதவர் பார்த்தால் ஏமாந்துபோவார். ஏறக்குறைய 8 முதல் 12 வாரம் வரை குடலின் ஒரு பகுதி தொப்புள்கொடியின் அடியில்தான் இருக்கும், பிறகு தானே வயிற்றுக்குள் போய்விடும். அது குறை இல்லை, எல்லோரும் அப்படித்தான் வளர்ந்தோம். அதே விஷயம் 14 வாரத்திலும் இருந்தால்தான் பிரச்சினை. பிறப்புறுப்பும் 11 வாரம் வரை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும்.

இன்னொரு பெரிய எல்லை, கண்ணுக்குத் தெரிவது தோல் வரைக்கும்தான். இதயத்தில் ஓட்டை, சிறுநீரகத்தில் கட்டி, கூடுதல் குரோமோசோம் எதுவும் லென்ஸில் தெரியாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள 10 வாரக் கரு நேரில் பார்த்தாலும் சாதாரணமாகவே தோன்றலாம். நேரில் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை இங்கே செல்லாது.

இப்போது கதைக்கு வருவோம். 1954-இல் ஸ்வீடனைச் சேர்ந்த பியோர்ன் வெஸ்டின், கருக்கலைப்புக்கு வந்திருந்த பெண்களில் கர்ப்பப்பை வாய் வழியாக 10 மில்லிமீட்டர் தடிமனான கருவியை விட்டுச் சிசுவைப் பார்த்து 'லான்செட்' இதழில் எழுதினார். 10 மில்லிமீட்டர் என்பது இன்றைய கணக்கில் பிரம்மாண்டம். கர்ப்பத்தைத் தொடரப் போகிற ஒரு பெண்ணுக்கு அதைச் செய்வது நினைத்துப் பார்க்கவே முடியாது. கிளாஸ்கோவில் இயன் டொனால்டு குழு அல்ட்ராசவுண்ட் படங்களை அதே லான்செட்டில் வெளியிட்டது 1958-இல். அதாவது கர்ப்பத்தைக் காட்டுகிற அல்ட்ராசவுண்ட் படங்கள் வருவதற்கு முன்பே ஒருவர் கண்ணால் பார்த்துவிட்டார்.

1970-களில் கருவி மெலிந்தது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் ஹாபின்ஸும் மஹோனியும் சுமார் 1.7 மில்லிமீட்டர் கருவியை வயிற்றின் வழியாக விட்டு, நஞ்சின் மேல் ஓடுகிற ரத்தக்குழாயைக் கண்ணால் பார்த்துக் குத்தி, சிசுவின் ரத்தத்தை எடுத்தார்கள். 1974-இல் அது வெளியானது. ரத்தம் எதற்கு? தலசீமியா, அரிவாள் செல் நோய் இரண்டும் ஹீமோகுளோபினில் வருகிற பரம்பரைக் கோளாறுகள். மரபணுவை நேரடியாகப் படிக்கும் வசதி அப்போது கிடையாது, சிசுவின் ரத்தத்தில் எந்த வகை ஹீமோகுளோபின் தயாராகிறது என்று பார்ப்பதுதான் ஒரே வழி. ஏற்கெனவே ஒரு குழந்தைக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கிற குடும்பத்துக்கு, அடுத்த குழந்தைக்கும் அந்த நோய் இருக்கிறதா என்று பிறப்பதற்கு முன்பே தெரிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

லண்டனில் சார்லஸ் ரோடெக் இதை இன்னும் சுத்தமாக்கினார். தொப்புள்கொடியிலிருந்தே, தாயின் ரத்தமோ பனிக்குட நீரோ கலக்காத மாதிரியை எடுத்தார். அங்கேயே நிற்கவில்லை, சிசுவின் தோலில் ஒரு துணுக்கைக் கிள்ளி எடுக்கவும் ஆரம்பித்தார்கள். தொட்டாலே தோல் கொப்புளித்து உரிகிற எபிடெர்மோலைசிஸ் புல்லோசா போன்ற கொடிய தோல் நோய்களை 1980 வாக்கில் கருவிலேயே உறுதிசெய்ய முடிந்தது இப்படித்தான். 1981-இல் ரீசஸ் காரணத்தால், அதாவது தாயின் ரத்தவகையோடு ஒத்துப்போகாததால், ரத்தசோகை வந்த சிசுவுக்கு ஃபீட்டோஸ்கோப் வழியாக நேராக ரத்தக்குழாயிலேயே ரத்தம் ஏற்றியதும் ரோடெக் குழுதான்.

விலை என்ன? இந்தப் பரிசோதனையால் கர்ப்பம் கலையும் வாய்ப்பு சுமார் 3 முதல் 5 சதவீதம் என்று கணக்கிட்டிருந்தார்கள், அதுவும் நல்ல கைப்பழக்கம் உள்ளவர்களிடம். 25 சதவீதம் நோய் வரும் வாய்ப்புள்ள குடும்பம் இந்த ஆபத்தை ஏற்றுக்கொள்ளும். எந்தப் பிரச்சினையும் இல்லாத பெண்ணுக்கு இது அதிகம்.

அப்புறம் 1983-இல் பாரிஸில் டாஃபோஸ் ஒரு வேலை செய்தார். லென்ஸே வேண்டாம், ஸ்கேனில் தொப்புள்கொடியைப் பார்த்தபடி மெல்லிய ஊசியைக் குத்தி ரத்தம் எடுக்கலாம் என்று காட்டினார். கருவி மெல்லியது, வேலை எளிது, ஆபத்து குறைவு. சில வருடங்களிலேயே நோய் கண்டறிவதற்கான ஃபீட்டோஸ்கோபி காணாமல்போனது. நேரில் பார்ப்பதைவிட மங்கலான படம் ஜெயித்தது என்று சொல்லலாம், ஆனால் எனக்கு அது நியாயமான முடிவாகவே படுகிறது. தேவைப்பட்டது சிசுவின் ரத்தம், சிசுவின் காட்சி அல்ல.

இதற்குப் பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. முதல் மூன்று மாதத்தில், அன்றைய ஸ்கேனில் சரியாகத் தெரியாத வெளி உருவக் குறைகளை என்ன செய்வது? 1980-களின் கடைசியிலும் 90-களின் தொடக்கத்திலும் எம்ப்ரியோஸ்கோபி பேசப்பட்டது இதற்காகத்தான். மெக்கெல்–க்ரூபர் நோய்க்குறியை எடுத்துக்கொள்வோம். பின்மண்டையில் மூளை பிதுங்கியிருக்கும், கை கால்களில் ஆறாவது விரல் இருக்கும், சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டிகள். குழந்தை பிழைக்காது. தாய் தகப்பன் இருவரும் அந்த மரபணுக் குறையைச் சுமப்பவர்கள் என்பதால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. இந்த மூன்றில் இரண்டு அறிகுறிகள் வெளியிலேயே தெரிபவை. ரூபன் கின்டெரோவும் ஹாபின்ஸ், மஹோனி ஆகியோரும் வயிற்றின் வழியாக மெல்லிய கருவியை விட்டு இந்த நோயைக் கண்டறிந்த ஒரு நேர்வை 1993-இல் வெளியிட்டார்கள். ஏற்கெனவே இந்த நோயால் குழந்தையை இழந்த ஒரு தம்பதிக்கு, ஐந்தாம் மாதம் வரை காத்திருக்காமல் மூன்றாம் மாதத்திலேயே பதில் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை.

நேரில் பார்ப்பதால் மட்டுமே தெரிந்த ஒரு விஷயமும் உண்டு. 1991-இல் இங்கிலாந்திலிருந்து ஓர் அறிக்கை வந்தது. நஞ்சிலிருந்து துணுக்கு எடுக்கும் சி.வி.எஸ். பரிசோதனையை மிக ஆரம்பத்திலேயே செய்த 289 கர்ப்பங்களில் 5 குழந்தைகளுக்குக் கை கால் குறை இருந்தது. பரிசோதனைக்கும் குறைக்கும் சம்பந்தம் உண்டா என்று பெரிய விவாதம். அடுத்த ஆண்டே கின்டெரோ குழு, நஞ்சில் காயம் ஏற்பட்ட பிறகு கருவின் உடம்பில் ரத்தக்கட்டுகள் தோன்றுவதை எம்ப்ரியோஸ்கோப்பில் நேராகப் பார்த்து லான்செட்டில் எழுதியது. அன்றைய ஸ்கேனில் இதைப் பார்த்திருக்கவே முடியாது. இன்று சி.வி.எஸ்.-ஐ 10 வாரம் முடிவதற்கு முன் செய்வதில்லை.

அப்படியானால் எம்ப்ரியோஸ்கோபி ஏன் பரவவில்லை? ஒன்று, கலையும் ஆபத்து எவ்வளவு என்று நம்பிச் சொல்ல போதுமான எண்ணிக்கையில் யாரும் செய்யவில்லை. ஏனென்றால் இது தேவைப்படுகிற குடும்பங்கள் அரிது. இரண்டு, ஸ்கேன் வேகமாக முன்னேறியது. பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேன், 11 முதல் 14 வாரத்துக்குள் சிசுவின் பின்கழுத்து நீர்த் தடிமனை அளக்கும் என்.டி. ஸ்கேன் எல்லாம் வந்த பிறகு, மூளை பிதுக்கம், வயிற்றுச் சுவர்க் குறை, பெருத்த சிறுநீரகம் இவற்றை வெளியிலிருந்தே பார்த்துவிடலாம். மூன்று, மரபணுச் சோதனை. குடும்பத்தில் எந்த மரபணுவில் என்ன மாற்றம் என்று முன்பே தெரிந்திருந்தால், சி.வி.எஸ்.-இல் எடுத்த துணுக்கிலேயே பதில் கிடைத்துவிடும், விரலை எண்ண வேண்டியதில்லை. தாயின் ரத்தத்தில் சிசுவின் டி.என்.ஏ. துணுக்குகள் மிதப்பதை டென்னிஸ் லோ 1997-இல் காட்டிய பிறகு, வெறும் ரத்தப் பரிசோதனையிலேயே டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பைச் சொல்லும் காலம் வந்துவிட்டது.

ஆகவே, உங்கள் வீட்டில் முன்பு ஒரு குழந்தைக்குப் பரம்பரைக் குறை இருந்திருந்தால், 'கேமரா விட்டுப் பார்க்கிற இடம்' தேடி அலைய வேண்டாம். அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே மரபியல் ஆலோசகரைப் பார்த்து, முந்தைய குழந்தையின் அறிக்கைகளையும் கிடைத்தால் அதன் டி.என்.ஏ. மாதிரியையும் கொண்டுபோவதுதான் உண்மையில் உதவும். கர்ப்பமான பிறகு போனால் மரபணுவைத் தேடி முடிப்பதற்குள் வாரங்கள் ஓடிவிடும்.

எம்ப்ரியோஸ்கோபி முழுக்கச் செத்துவிட்டதா என்றால் இல்லை, வேறு இடத்துக்குப் போய்விட்டது. ஸ்கேனில் "துடிப்பு இல்லை" என்று சொல்லப்படுகிற கர்ப்பங்கள் இருக்கின்றன அல்லவா? வழக்கமாக டி அண்ட் சி (கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது) செய்து, எடுத்ததைச் சோதனைக்கு அனுப்புவார்கள். அதில் இரண்டு சிக்கல். சுரண்டி எடுக்கும்போது கரு சிதைந்துவிடும், உருவத்தில் குறை இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. மாதிரியோடு தாயின் திசுவும் கலந்து, குரோமோசோம் சோதனையில் தாயுடைய செல்களே வளர்ந்து, 'பெண், எல்லாம் இயல்பு' என்று தவறான அறிக்கை வரலாம். அதனால் டி அண்ட் சி-க்குச் சற்று முன், அதே மயக்க மருந்திலேயே, கர்ப்பப்பை வாய் வழியாக எம்ப்ரியோஸ்கோப்பை விட்டுக் கருவை முழுசாகப் பார்த்து, நஞ்சின் துணுக்கையும் கண்ணால் பார்த்தே எடுக்கிறார்கள். கர்ப்பம் ஏற்கெனவே முடிந்துவிட்டதால் கலையும் ஆபத்து என்ற பேச்சே இல்லை.

வியன்னாவில் தாமஸ் பிலிப் குழு இப்படி 233 கர்ப்பங்களைப் பார்த்து 2003-இல் வெளியிட்டது. குரோமோசோம் சோதனை பலித்தவற்றில் சுமார் 75 சதவீதத்தில் குரோமோசோம் கோளாறு இருந்தது. வேறு சிலவற்றில் குரோமோசோம் சரியாக இருந்தும் கருவின் உருவத்தில் குறை இருந்தது. இந்த இரண்டாவது கூட்டம்தான் முக்கியம். வெறும் குரோமோசோம் அறிக்கையை வைத்து "கரு நன்றாகத்தான் இருந்தது, தாயிடம்தான் ஏதோ" என்று முடிவு கட்டியிருப்பார்கள். வெயிட் தூக்கினாள், பப்பாளி சாப்பிட்டாள், ஸ்கூட்டியில் போனாள் என்று வீட்டில் ஆளாளுக்குக் காரணம் சொல்கிற நேரத்தில் இப்படி ஓர் அறிக்கை கையில் இருப்பது அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு தெம்பு என்று சொல்லத் தேவையில்லை. எல்லா ஊரிலும் கிடைக்கிற வசதி இல்லைதான், ஆனால் அடிக்கடி கரு கலைகிறவர்களுக்கு இதை இன்னும் அதிகமாகச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

ஃபீட்டோஸ்கோபியும் திரும்பி வந்தது, இந்த முறை சிகிச்சைக்காக. ஒரே நஞ்சைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டையரில், நஞ்சுக்குள் இருக்கும் ரத்தக்குழாய் இணைப்புகள் வழியாக ஒரு குழந்தையின் ரத்தம் இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கும் நிலை உண்டு. ஒன்று வற்றும், இன்னொன்று வீங்கும், விட்டால் இரண்டுமே போய்விடலாம். ஃபீட்டோஸ்கோப்பால் அந்த இணைப்புகளைக் கண்ணால் தேடி லேசரால் அடைப்பதே இன்றைய சிகிச்சை. 2004-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், லேசர் செய்தவர்களில் 76 சதவீதம் பேருக்குக் குறைந்தது ஒரு குழந்தையாவது பிறந்து 28 நாள் வரை பிழைத்திருந்தது. பனிக்குட நீரை மட்டும் உறிஞ்சி எடுத்தவர்களில் அது 56 சதவீதம். நஞ்சின் மேல் எந்தக் குழாய் எங்கே சேர்கிறது என்பதைப் பார்த்துப் பார்த்து அடைக்கிற இந்த வேலையை ஸ்கேனால் செய்யவே முடியாது. இந்த நோயின் தீவிரத்தை ஐந்து நிலைகளாகப் பிரித்த அட்டவணைக்கு இன்று கின்டெரோ பெயர்தான், அதே ரூபன் கின்டெரோ.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு சட்டத் தகவல். பாலினத் தேர்வைத் தடைசெய்கிற 1994-ஆம் ஆண்டுச் சட்டம், கர்ப்பகாலப் பரிசோதனை முறைகள் என்று வரையறுக்கிற இடத்தில் அல்ட்ராசவுண்டுக்கு அடுத்ததாக ஃபீட்டோஸ்கோபியையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. எனவே பதிவுபெற்ற மையத்தில், சட்டம் சொல்கிற மருத்துவக் காரணத்துக்காக, பெண்ணின் எழுத்துபூர்வ சம்மதத்தோடு மட்டுமே செய்யலாம். ஆணா பெண்ணா என்று சொல்வது இங்கேயும் குற்றம்.

இவ்வளவு முன்னேறியும் ஒரு பழைய தொல்லை தீரவில்லை. தோலில் குத்தினால் ஆறிவிடும், பனிக்குடச் சவ்வில் போட்ட துளை அப்படி ஆறுவதில்லை. லேசர் நன்றாக முடிந்து சில நாளிலோ வாரத்திலோ அந்தத் துளை வழியாக நீர் கசிந்து, பனிக்குடம் முன்கூட்டியே உடைந்து, குறைமாதப் பிரசவம் ஆவது இன்றும் நடக்கிறது. கொலாஜன் அடைப்பான், பசை என்று பலவற்றை முயன்றிருக்கிறார்கள், எல்லா மருத்துவமனையும் நம்பிப் பயன்படுத்தும் அளவுக்கு எதுவும் நிலைக்கவில்லை. ஃபீட்டோஸ்கோபி சிகிச்சை வேண்டும் என்று உங்களுக்கு யாராவது சொன்னால், உள்ளே என்ன செய்வார்கள் என்பதோடு, துளை எத்தனை மில்லிமீட்டர், அவர்களிடம் இதற்குப் பிறகு பனிக்குடம் உடைந்தவர்கள் எத்தனை பேர், அப்படி ஆனால் பச்சிளங்குழந்தை ஐ.சி.யு. அதே கட்டிடத்தில் இருக்கிறதா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.